குற்றாலம் சீசனும் ஒரு மாணவரின் பிளாக்கும்: எப்படித் தொடங்குவது, பணம் வருமா, படிப்பு என்னாகும்? முழு விளக்கம்

ஜூன் பிறந்து நாலு நாள் சாரல் அடித்தால் போதும். சென்னை, மதுரை, தூத்துக்குடி என்று எல்லா ஊரிலிருந்தும் தென்காசியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "ஏப்பா, அருவில தண்ணி வருதா? குளிக்க விடுதாங்களா? கூட்டம் எப்படி?" மூன்றே கேள்விதான். சீசன் முடியும் வரை இதே கேள்விதான்.

சொந்தக்காரர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? செல்போனில் தேடுவார்கள். தேடினால் போன வருடச் செய்தி வரும், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கட்டுரை வரும், எந்த வருடம் எடுத்தது என்றே தெரியாத வீடியோ வரும். இன்று காலை ஐந்தருவி எப்படி இருந்தது என்பது மட்டும் பெரும்பாலும் கிடைக்காது.

அந்தப் பதில் தினமும் அருவி வழியாகவே காலேஜுக்குப் போகும் ஒரு மாணவியிடம் இருக்கிறது. மேலகரத்திலிருந்து சைக்கிளில் ஸ்கூலுக்குப் போகும் பையனிடமும் இருக்கிறது. அவர்கள் அதை எழுதினால் என்ன? ஒரு மாணவர் பிளாக் நடத்தி ஜெயிக்க முடியுமா? படிப்பு கெடாதா? காசு வருமா? சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்தக் காலத்தில் பிளாக்கை யார் படிக்கிறார்கள்?

நியாயமான கேள்விதான். ரீல்ஸ் இருக்கு, யூடியூப் இருக்கு. பிளாக் எதுக்கு?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1999-ல் பிளாக்கர் தளம் வந்தது. 2003-ல் கூகுள் அதை வாங்கியது. அதே 2003-ல் வேர்ட்பிரஸ் வெளியானது. தமிழில் எழுதியவர்கள் அதற்கு 'வலைப்பூ' என்று பெயர் வைத்தார்கள். 2004-ல் காசி ஆறுமுகம் உருவாக்கிய 'தமிழ்மணம்' திரட்டி, பல ஊர்களில், பல நாடுகளில் இருந்து எழுதிய தமிழ் வலைப்பதிவர்களை ஒரே பக்கத்தில் காட்டியது. பிறகு ஃபேஸ்புக் வந்தது, கூட்டம் அந்தப் பக்கம் போனது. இதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கதை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ரீல் என்பது தானாக நம் முன்னால் வந்து விழுவது. பிளாக் என்பது நாம் தேடிப் போய்ப் படிப்பது. செங்கோட்டையிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அருவிக்குப் பக்கத்தில் உடை மாற்ற இடம் இருக்கா, வயதானவர்களை எந்த அருவிக்கு அழைத்துப் போகலாம்... இதையெல்லாம் யாரும் ரீல்ஸைத் தள்ளித் தள்ளிக் கண்டுபிடிப்பதில்லை. தேடுபொறியில் தட்டுகிறார்கள். தேடல் இருக்கும் வரை, தேடியதற்கு ஒழுங்கான பதில் தரும் பக்கத்துக்கு வேலை இருக்கும்.

இன்னொன்று. ரீலுக்கு ஆயுள் சில நாள். "ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் என்ன வித்தியாசம், குழந்தைகளோடு எங்கே போகலாம்" என்று ஒருமுறை நன்றாக எழுதிவிட்டால், அடுத்த சீசனிலும் அது ஆள் கொண்டுவரும்.

மாணவர்கள் ஜெயித்த கதை ஏதாவது இருக்கா?

இருக்கு. மூன்று பேரை மட்டும் பார்ப்போம்.

முதலாமவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மார்த்தா பெய்ன். வயது 9. 2012 ஏப்ரல் கடைசியில் 'நெவர் செகண்ட்ஸ்' என்று ஒரு பிளாக் தொடங்கினார். விஷயம் ரொம்பச் சின்னது. பள்ளியில் தினமும் கொடுக்கும் மதிய உணவைப் படம் எடுப்பார், பத்துக்கு எத்தனை மார்க் என்று போடுவார், எத்தனை வாய் சாப்பிட்டேன் என்று எண்ணி எழுதுவார். அவ்வளவுதான். உலகம் முழுவதும் படித்தார்கள். ஜூன் மாதம், ஒரு பத்திரிகைத் தலைப்பால் கடுப்பான உள்ளாட்சி நிர்வாகம், பள்ளிக்குள் படம் எடுக்கத் தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பியது. மறுநாளே தடை நீங்கியது. ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியில் உணவு தரும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அந்த பிளாக் மூலம் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் நிதி சேர்ந்தது.

இரண்டாமவரை உங்களுக்குத் தெரியும். மலாலா. 2009 ஜனவரியில், பாகிஸ்தானின் ஸ்வாட் பள்ளத்தாக்கில் பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போகக் கூடாது என்று தாலிபான் மிரட்டியபோது, பிபிசி உருது தளத்தில் 'குல் மகாய்' என்ற புனைபெயரில் ஒரு நாட்குறிப்பு வெளியானது. எழுதியது 11 வயது மாணவி மலாலா. இன்று யார் யார் வகுப்புக்கு வந்தார்கள், யூனிஃபார்ம் போட்டுப் போக ஏன் பயம்... தன் ஒரு நாளை மட்டும்தான் எழுதினார். 2014-ல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

மூன்றாமவர் மேட் முல்லன்வெக். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 19 வயது மாணவர். தான் பயன்படுத்திய பிளாக் மென்பொருள் பாதியில் நின்றுபோனதால், மைக் லிட்டில் என்பவரோடு சேர்ந்து அதை வளர்த்தெடுத்தார். அதுதான் வேர்ட்பிரஸ். இன்று உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன.

மூன்று பேருக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. யாரும் "எல்லாவற்றையும் எழுதுகிறேன்" என்று தொடங்கவில்லை. ஒருவருக்குத் தட்டு, ஒருவருக்குப் பள்ளிக்கூடம், ஒருவருக்குத் தன் பிளாக் மென்பொருள். தங்கள் கண் முன்னால் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமென்றால் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான். அவர் மாணவர் இல்லை, வேறு வேலை பார்ப்பவர். அந்த வேலைக்கு நடுவில் மழையைப் பற்றி மட்டுமே தொடர்ந்து எழுதினார். 2015 சென்னை வெள்ளத்தின்போது ஊரே அவர் பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. ஒரே விஷயத்தை விடாமல் பல வருடம் கவனித்தவருக்குக் கிடைத்த நம்பிக்கை அது.

தென்காசிக்காரர் எதை எழுதலாம்?

"குற்றாலம் டூரிசம்" என்று தொடங்கினால் பெரிய பயணத் தளங்களோடு மோத வேண்டியிருக்கும். ஜெயிப்பது கஷ்டம். இன்னும் சுருக்குங்கள்.

சீசன் நிலவரம் மட்டும் எழுதலாம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி என்று ஒவ்வொன்றிலும் இன்று தண்ணீர் எப்படி என்று நாலு வரி. மார்த்தாவின் மதிய உணவு மார்க் போலத்தான். தினமும் ஒரே வடிவம், ஒரே வரிசை.

சாப்பாடு மட்டும் எழுதலாம். பார்டர் பரோட்டா பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். சீசன் இல்லாத பிப்ரவரியில் அந்தக் கடைத்தெரு எப்படி இருக்கும், ரம்புட்டான், மங்குஸ்தான் எந்த மாதம் கடைக்கு வரும் என்று எழுதியவர்கள் குறைவு.

வரலாறு மட்டும் எழுதலாம். தென்காசி கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், 1990-ல் புதிதாக எழும்பிய ராஜகோபுரம், ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையின் சுவரோவியங்கள், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் மேலகரம், பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையம், ஆஷை சுட்ட வாஞ்சிநாதனின் செங்கோட்டை. பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் எல்லாமே இருக்கு.

விவசாயம் எழுதலாம். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி எப்போது பூக்கும் என்று தேடுகிறவர்கள் ஏராளம். போட்டோ எடுக்க வருகிறவர்களால் அந்த வயல்காரருக்கு என்ன கஷ்டம் என்று எழுதினால் அது இன்னும் நல்ல போஸ்ட்.

2019 நவம்பர் 22-ல்தான் தென்காசி தனி மாவட்டம் ஆனது. இணையத்தில் இருக்கும் பழைய கட்டுரைகளில் பல இன்னும் 'திருநெல்வேலி மாவட்டம், குற்றாலம்' என்றே சொல்கின்றன. எந்த அலுவலகம் எங்கே என்ற தகவல்கூட அவற்றில் பழசாகத்தான் இருக்கும். இதையெல்லாம் சரியாக எழுதுபவருக்கு இடம் காலியாகவே கிடக்கிறது.

எதில் தொடங்குவது? செலவு எவ்வளவு?

தொடக்கத்தில் பைசா செலவு வேண்டாம்.

பிளாக்கர்: கூகுள் கணக்கு இருந்தால் போதும், இலவசம். முகவரியின் பின்னால் 'பிளாக்ஸ்பாட்' என்று வரும். பின்னாளில் கூகுள் விளம்பரமும் போடலாம்.

வேர்ட்பிரஸ் இலவசத் திட்டம்: பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இலவசத் திட்டத்தில் உங்கள் கூகுள் விளம்பரக் கணக்கை இணைக்க முடியாது.

சொந்த டொமைன், ஹோஸ்டிங்: உங்கள் பெயரில் முகவரி, முழுக் கட்டுப்பாடு. ஆனால் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். முதல் வருடம் மிகக் குறைந்த விலைக்குத் தருவார்கள், இரண்டாம் வருடப் புதுப்பிப்பில் விலை பல மடங்கு ஏறலாம். வாங்கும் முன் 'புதுப்பிப்புக் கட்டணம்' எவ்வளவு என்று பாருங்கள். கட்டாமல் விட்டால் முகவரியே கைவிட்டுப் போய்விடும்.

எங்கள் யோசனை: முதல் ஆறு மாதம் இலவசத் தளத்தில் எழுதுங்கள். ஐம்பது போஸ்ட் வரை தாக்குப் பிடித்தால் அதன் பிறகு டொமைன் வாங்கலாம். நிறைய பிளாக்குகள் டிசைன் மாற்றி மாற்றியே நின்றுபோகின்றன. எழுத நேரம் கிடைப்பதில்லை.

தட்டச்சு தெரியாது என்று கவலைப்பட வேண்டாம். போனில் குரல்வழித் தட்டச்சு இருக்கு. ஆனால் அப்படியே போட்டுவிடாதீர்கள். ற-ர, ள-ல-ழ, ன-ண குழப்பம் கட்டாயம் இருக்கும். ஒருமுறை வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள்.

எந்தச் சொல்லில் தேடுகிறார்கள்?

இங்கேதான் ஊர்க்காரருக்கு லாபம்.

நாம் எழுதுவது குற்றாலம். பேச்சில் சொல்வது குத்தாலம். ஆனால் மயிலாடுதுறை பக்கம் 'குத்தாலம்' என்றே ஒரு ஊர் இருக்கு, அது ஒரு தாலுகா தலைநகர். பேச்சுவழக்கு நன்றாக இருக்கே என்று தலைப்பில் 'குத்தாலம்' என்று போட்டால், தேடுபொறி உங்களை அந்த ஊரோடு சேர்த்து வைக்கலாம். தலைப்பில் எழுத்துவழக்கு இருக்கட்டும், உள்ளே எப்படி வேண்டுமானாலும் பேசலாம்.

அதேபோல, நாம் சொல்வது 'அருவி'. வெளியூர்க்காரர்களில் பலர் தட்டுவது 'நீர்வீழ்ச்சி' அல்லது 'ஃபால்ஸ்'. நம் சொல் அருவிதான், அதையே எழுதுங்கள். ஆனால் போஸ்ட்டில் ஓரிடத்தில் 'மெயின் ஃபால்ஸ் என்று அழைக்கப்படும் பேரருவி' என்று சேர்த்துவிட்டால் இரண்டு தரப்புக்கும் நீங்கள் கிடைப்பீர்கள்.

கூகுளின் 'சர்ச் கன்சோல்' இலவசம். மக்கள் எந்தச் சொல்லைத் தட்டி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அது காட்டும். வாரம் ஒருமுறை பாருங்கள். நீங்கள் பதில் சொல்லாத கேள்வி ஏதாவது அந்தப் பட்டியலில் இருந்தால், அதுதான் அடுத்த போஸ்ட்.

ஏஐ-யை எழுதச் சொல்லிப் போடலாமா? எழுத்துப் பிழை பார்க்கவும், தலைப்பு யோசிக்கவும் உதவியாக வைத்துக்கொள்ளலாம். மொத்தமாக எழுதவைத்து நூறு போஸ்ட் குவித்தால் பலன் இருக்காது. தேடலில் மேலே வருவதற்காகவே பயனில்லாத பக்கங்களைக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் முறைகேடு என்று சேர்த்தது. அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், எழுதியவருக்கு நேரடி அனுபவம் இருக்கிறதா என்பதையும் தர மதிப்பீட்டு வழிகாட்டுதலில் சேர்த்துவிட்டது. இன்று காலை அருவியில் நனைந்த அனுபவம் எந்த மென்பொருளுக்கும் இல்லை.

'குளிக்க அனுமதி' என்ற ஒரு வரி

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இது. தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

2024 மே 17. பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி அடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். சீசன்கூட அப்போது தொடங்கவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? அருவியில் விழும் தண்ணீர் அங்கே பெய்த மழை இல்லை. மேலே மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் பெய்த மழை, ஓடைகளில் சேர்ந்து கீழே வருகிறது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே கொட்டித் தீர்த்திருக்கும். அதனால்தான் காலையில் அனுமதி இருந்த அருவியில் மதியம் தடை வருகிறது. சீசன் நேரத்தில் எங்கள் டெஸ்க்கில் அடிக்கடி டைப் செய்யும் வரி 'குற்றால அருவிகளில் குளிக்கத் தடை' என்பதுதான். சில நாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் பிளாக்கை யோசித்துப் பாருங்கள். காலை 7 மணிக்கு 'இன்று ஐந்தருவியில் குளிக்க அனுமதி' என்று போட்டுவிட்டு காலேஜ் போய்விட்டீர்கள். 11 மணிக்குத் தடை வந்துவிட்டது. மதியம் மதுரையில் ஒரு குடும்பம் உங்கள் போஸ்ட்டைப் பார்த்து வேன் ஏறுகிறது. இன்னும் மோசம், அந்த போஸ்ட்டை யாரோ அடுத்த வருடம் வாட்ஸ்ஆப்பில் ஃபார்வர்டு செய்கிறார்கள்.

அதனால் சில விதிகளை முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒவ்வொரு நிலவரத்திலும் தேதி, வருடம், மணி மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். 'இன்று' என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள். படிப்பவரின் இன்று வேறு.

2. 'நான் பார்த்தது' வேறு, 'கேள்விப்பட்டது' வேறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

3. அனுமதியா தடையா என்று முடிவு செய்வது மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும். அவர்கள் அறிவித்ததை மட்டும் எழுதுங்கள். 'எனக்குத் தெரிந்து திறந்துடுவாங்க' என்று ஊகம் வேண்டாம்.

4. 'இது இத்தனை மணி நிலவரம். கிளம்பும் முன் மறுபடி உறுதி செய்யுங்கள்' என்ற வரி எல்லா போஸ்ட்டிலும் இருக்கட்டும்.

5. தப்பு நடந்தால் போஸ்ட்டைச் சத்தமில்லாமல் அழிக்க வேண்டாம். மேலேயே 'திருத்தம்' என்று போட்டு, என்ன மாறியது, எத்தனை மணிக்கு மாறியது என்று எழுதுங்கள்.

வகுப்பில் இருக்கும்போது அப்டேட் பண்ண முடியாது என்றால்? அப்போது நேரலை நிலவரம் போடும் வேலையையே எடுக்காதீர்கள். எப்படிப் போவது, என்ன கொண்டுபோவது, எந்த அருவி யாருக்குச் சரி என்று எழுதுங்கள். அதுவும் பயனுள்ள பிளாக்தான்.

போட்டோ எடுக்கும் முன்

அருவி என்றால் குளிப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் உங்கள் பிளாக்கில் வருவதற்காகக் குளிக்க வரவில்லை.

குளிப்பவர்களை, குறிப்பாகப் பெண்களையும் குழந்தைகளையும் அடையாளம் தெரியும்படி எடுக்கவே வேண்டாம். ஒருவரின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பதும் வெளியிடுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், சில நேரம் இரண்டும். 'தெரியாம ஃப்ரேம்ல வந்துடுச்சு' என்று விளக்கம் சொல்லும் நிலைக்கே போக வேண்டாம். விடியற்காலையில் ஆள் இல்லாத நேரத்தில் எடுங்கள், அல்லது தூரத்திலிருந்து அருவியின் மேல்பகுதியை மட்டும் எடுங்கள்.

மலைக்கு மேலே வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கும் அருவிகளுக்கு அனுமதி இல்லாமல் போகாதீர்கள். வியூஸுக்காகப் பாறை விளிம்பில் நின்று எடுக்கும் படம், பார்க்கிற பள்ளிப் பையன்களையும் அதே இடத்துக்கு இழுக்கும்.

அடுத்தவர் போட்டோவை எடுத்துப் போடலாமா? கூடாது. கூகுளில் கிடைத்தது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. எடுத்தவருக்குத்தான் பதிப்புரிமை. அதே சட்டம் உங்களுக்கும் பாதுகாப்பு. நீங்கள் எடுத்த படத்தை யாராவது கேட்காமல் பயன்படுத்தினால் எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கு. போனில் இருக்கும் மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள், அதுதான் ஆதாரம்.

சின்ன டிப்ஸ்: போனில் எடுத்த படம் பல எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால் மலையடிவாரத்துச் சிக்னலில் பக்கமே திறக்காது. அளவைக் குறைத்து ஏற்றுங்கள். உங்களைப் படிக்கும் பாதிப் பேர் பஸ்ஸில் இருந்துதான் படிப்பார்கள்.

பணம் வருமா?

வரும். ஆனால் யூடியூப் தம்ப்நெயிலில் காட்டுவது போல வராது.

கூகுள் ஆட்சென்ஸ் என்பது உங்கள் பக்கத்தில் விளம்பரம் காட்டி அதில் ஒரு பங்கை உங்களுக்குத் தரும் முறை. 2018 பிப்ரவரியில்தான் தமிழ் மொழிக்கு அந்த வசதி வந்தது. அதற்கு முன் தமிழ் பிளாக் எழுதியவர்களுக்கு அது அதிகாரபூர்வமாக இல்லை.

மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை:

18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பள்ளி மாணவர் என்றால் பெற்றோர் பெயரில்தான் கணக்கு. அப்பா அம்மாவிடம் சொல்லாமல் வயதை மாற்றிப் போட்டால், பணம் சேர்ந்த பிறகு கணக்கு முடங்கலாம்.

10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும். அதைப் பதிவு செய்தால்தான் மேற்கொண்டு நகரும். முகவரியைத் தபால்காரருக்குப் புரியும்படி, பின்கோடோடு தெளிவாகக் கொடுங்கள்.

100 டாலர் சேரும் வரை பணம் கைக்கு வராது. குறைந்த வாசகர் உள்ள பிளாக்குக்கு அதற்கே பல மாதம் ஆகலாம். குற்றாலம் போன்ற சீசன் பிளாக்குக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூட்டம், பிறகு காற்று வாங்கும்.

சொந்த விளம்பரத்தைத் தானே கிளிக் செய்வது, நண்பர்களைக் கிளிக் செய்யச் சொல்வது இரண்டும் விதிமீறல். வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் 'மச்சி ஒரு கிளிக் பண்ணு' என்று போட்டால் கணக்கே போய்விடும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கு. 'பணம் கட்டி எங்கள் கோர்ஸில் சேர்ந்தால் மாதம் இத்தனை ஆயிரம் சம்பாதிக்கலாம்' என்று வரும் விளம்பரங்கள். இங்கே சொன்ன எல்லாமே இலவசமாகக் கற்றுக்கொள்ளக்கூடியவை. பணம் கட்ட வேண்டாம்.

ஓசி ரூம் கொடுத்தால் வாங்கலாமா?

பிளாக் கொஞ்சம் பிரபலமானதும் இது நடக்கும். 'தம்பி, ரெண்டு நாள் தங்கிக்கோங்க, நம்ம லாட்ஜ் பத்தி நல்லதா எழுதுங்க' என்பார்கள்.

வாங்குவது உங்கள் விருப்பம். ஆனால் வாங்கியதை மறைக்கக் கூடாது. சமூக ஊடகப் பிரபலங்களுக்கான விளம்பர வழிகாட்டுதலை விளம்பரத் தரக் கவுன்சில் 2021-ல் வெளியிட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் தெளிவுபடுத்தியது. பணமோ பொருளோ இலவசத் தங்கலோ எது வாங்கியிருந்தாலும், படிப்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். 'இது விளம்பரப் பதிவு' என்று மேலே ஒரு வரி, அவ்வளவுதான். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

ஆறு பேர் குடும்பம் உங்களை நம்பி அந்த லாட்ஜில் ரூம் போட்டு, பாத்ரூமில் தண்ணீர் வராமல் நின்றால், அடுத்து அவர்கள் உங்கள் அருவி நிலவரத்தையும் நம்ப மாட்டார்கள்.

விமர்சித்து எழுதலாமா?

எழுதலாம். இதற்கும் ஒரு மாணவிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக 2012-ல் மகாராஷ்டிராவின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானபோது, சட்டம் படிக்கவிருந்த ஸ்ரேயா சிங்கால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2015 மார்ச் 24-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆனால் அவதூறுச் சட்டம் அப்படியே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் 2 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. அதனால் ஓட்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால், என்ன சாப்பிட்டீர்கள், எந்தத் தேதி, என்ன விலை, எது பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். பில்லை வைத்திருங்கள். 'கெட்டுப்போன கறி போடுறாங்க' என்று ஆதாரம் இல்லாமல் எழுதாதீர்கள்.

உங்கள் பாதுகாப்பும் முக்கியம். மலாலா புனைபெயரில் எழுதியதை நினைவில் வையுங்கள். வீட்டு முகவரி, செல்போன் எண், தினமும் எத்தனை மணிக்கு எந்த பஸ்ஸில் போகிறீர்கள் என்பதெல்லாம் பிளாக்கில் வரவே கூடாது. 'இப்போ நான் இங்கதான் நிக்கிறேன்' என்று தனியாக இருக்கும்போது போடாதீர்கள். அந்த இடத்தை விட்டு வந்த பிறகு போடுங்கள்.

சரி, படிப்பு என்னாகும்?

அப்பா அம்மா கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதில் காலண்டரில் இருக்கு.

குற்றாலத்தில் கூட்டம் கூடும் காலம் இரண்டு. ஒன்று, தென்மேற்குப் பருவமழை சீசன், ஜூன் முதல் ஆகஸ்ட், செப்டம்பர் வரை. அப்போது செமஸ்டர் தொடக்கம்தான், சமாளிக்கலாம். இரண்டாவது, நவம்பரில் தொடங்கும் சபரிமலை சீசன். அய்யப்ப பக்தர்கள் அருவியில் நீராடிவிட்டுப் போவார்கள். தேடல் அப்போதும் ஏறும். ஆனால் செமஸ்டர் தேர்வும் சரியாக அந்த நேரம்தான் வரும். பிளஸ் டூ மாணவருக்கு ஜனவரியில் இருந்தே நெருக்கடி.

எனவே வருடத்தை இப்படிப் பிரிக்கலாம். ஏப்ரல், மே விடுமுறையில் எப்போதும் பயன்படும் பெரிய போஸ்ட்டுகள் பத்து எழுதி முடித்துவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சின்னச் சின்ன நிலவரம், ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அக்டோபரில், சபரிமலைப் பயணிகளுக்கான போஸ்ட்டை முன்கூட்டியே எழுதி, வெளியாகும் தேதியைக் குறித்து வைத்துவிடுங்கள். பிளாக்கரிலும் வேர்ட்பிரஸிலும் அந்த வசதி இருக்கு. நவம்பரில் பிளாக் பக்கமே வராதீர்கள். 'தேர்வு முடிந்ததும் சந்திப்போம்' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போங்கள். கோபித்துக்கொண்டு யாரும் போகமாட்டார்கள்.

இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து நடத்தினால் இன்னும் சுலபம். ஒருவர் செங்கோட்டை, ஒருவர் தென்காசி, ஒருவர் குற்றாலம் என்று பிரித்துக்கொள்ளலாம். யார் பெயரில் கணக்கு, பணம் வந்தால் எப்படிப் பங்கு என்பதை மட்டும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நட்பு கெடாது.

அப்படியானால் வெற்றி என்றால் என்ன?

காசு ஒரு அளவுகோல், வியூஸ் ஒரு அளவுகோல். ஆனால் படிக்கும்போது பிளாக் நடத்துவதில் வேறு சில லாபங்களும் உண்டு. தினம் நாலு வரி பிழையில்லாமல் எழுதிப் பழகியவருக்கு வேலை நேர்காணலில் காட்ட ஒரு முகவரி இருக்கும். மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் வந்த பிறகு, ஊரில் இருந்தே உலகத்துக்கு வேலை பார்க்கலாம் என்பது இந்தப் பகுதிக்குப் புதிய செய்தி இல்லை. எழுதத் தெரிந்தவருக்கும் அதில் இடம் இருக்கு.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார், தான் ரசித்ததை நண்பர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகவே வந்தன. பிடித்த விஷயத்தைத் தெரிந்த மனிதருக்குச் சொல்வது போலத்தான் எழுதினார்.

உங்கள் பிளாக்கும் அப்படி ஒரு கடிதமாக இருக்கட்டும். தூத்துக்குடியில் இருக்கும் அத்தைக்கு போனில் என்ன சொல்வீர்களோ, அதையே எழுதுங்கள். "இப்ப வராதீங்க அத்தை, மேல மழை பெய்யுது. ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று அவரிடம் சொல்லத்தான் செய்வீர்கள். முகம் தெரியாத ஆயிரம் பேருக்கும் அதே அக்கறையோடு சொன்னீர்கள் என்றால், அதுதான் வெற்றிகரமான பிளாக்.

சுருக்கமாக:

ஒரே ஒரு சின்ன விஷயத்தை எடுங்கள். இலவசத் தளத்தில் தொடங்குங்கள். தேதி, மணி இல்லாமல் அருவி நிலவரம் போடாதீர்கள். குளிப்பவர்களைப் படம் எடுக்காதீர்கள். வாங்கியதை மறைக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் வீட்டில் சொல்லிவிட்டே செய்யுங்கள். தேர்வு மாதத்தில் பிளாக்கை மூடி வையுங்கள், அடுத்த சாரலுக்குத் திறந்துகொள்ளலாம்.